ரகசியம்: தாளிலா, ஆளிலா?

அரசு ரகசியம் என்பதைத் தாளில் உறைந்திருக்கும் ஒரு பொருளாகவே நினைத்துப் பழகிவிட்டோம். எனக்கோ அது ஓர் உறவாகப் படுகிறது. யாரை நம்புவது, யாரைச் சந்தேகிப்பது என்று அதிகாரம் வகுத்துக்கொள்ளும் உறவு. பாதுகாப்பு அனுமதி அதன் முத்திரை மட்டுமே. முத்திரை பறிபோகும்போதுதான் உறவின் சொரூபம் தெரிகிறது. 1999இல் அமெரிக்காவில் அந்த நம்பிக்கைக்கு வெளியே நின்ற இருவரைப் பார்க்கலாம்.

ஜான் டாய்ச் 1995-96இல் சி.ஐ.ஏ.வின் தலைவர். ரகசிய ஆவணங்களை, இணையத்தோடு இணைந்த வீட்டுக் கணினிகளில் வைத்திருந்தது 1996 டிசம்பரில் அவர் பதவி விலகியபோது தெரியவந்தது. 1999 ஏப்ரலில் நீதித்துறை வழக்கு வேண்டாமென்றது. ஆகஸ்டில் அனுமதி நிறுத்தப்பட்டது. பின்னர் விசாரணை மறுபடி கிளம்பி, சிறு குற்றமொன்றை ஒப்புக்கொள்ள அவர் இசைந்திருந்த நிலையில், 2001 ஜனவரி 20 அன்று, தன் கடைசி நாளில், கிளிண்டன் மன்னிப்பு வழங்கினார்.

தைவானில் பிறந்த வென் ஹோ லீ, லாஸ் அலமாஸ் அணு ஆய்வகத்தின் விஞ்ஞானி. 1999 மார்ச்சில் வேலை போயிற்று. டிசம்பரில் கைது, 59 குற்றச்சாட்டுகள், 278 நாள் தனிமைச் சிறை. சீனாவுக்கு உளவு பார்த்தார் என்ற சந்தேகத்தில் தொடங்கிய கதை அது. உளவுக் குற்றச்சாட்டோ கடைசிவரை சுமத்தப்படவேயில்லை.

‘ரெண்டு பேரும் செஞ்சது ஒண்ணுதானா?’ என்று கேட்கலாம். ஒன்றல்லதான். லீ அணு ஆயுதக் கணிப்பு நிரல்களை ஒலிநாடா போன்ற கணினி நாடாக்களில் வேண்டுமென்றே பிரதியெடுத்தார். ஏழு நாடாக்கள் கிடைக்கவில்லை. ஆனால் அவர் பிரதியெடுத்தபோது அந்தக் கோப்புகளுக்கு ‘ரகசியம்’ என்ற வகைப்பாடு இருக்கவில்லை. அதைவிடக் கீழான ஒரு வகையில்தான் இருந்தன. வகை உயர்த்தப்பட்டது பிற்பாடு. அதாவது முதலில் ஆள் சந்தேகத்துக்குரியவரானார், அப்புறம் தாள் ரகசியமாயிற்று. டாய்ச்சிடம் இருந்ததோ முன்பே முத்திரை குத்திய தாள். ஆனாலும் ஆளை அதிகாரம் சந்தேகிக்கவில்லை. ‘ஏதோ கவனப்பிசகு, போகட்டும்’ என்றது.

2000 செப்டம்பரில் லீ ஒரேயொரு குற்றத்தை ஒப்புக்கொள்ள, மீதி 58உம் கைவிடப்பட்டன. நிர்வாகம் தன்னைத் தவறாக வழிநடத்தியதாகச் சொல்லி நீதிபதி ஜேம்ஸ் பார்க்கர் நீதிமன்றத்திலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டார். தன் பெயரைக் கசியவிட்டதற்கு எதிராக லீ தொடுத்த வழக்கு 2006இல் சுமார் 16 லட்சம் டாலரில் முடிந்தது. அரசோடு ஐந்து செய்தி நிறுவனங்களும் பணம் கொடுத்தன.

கசிவைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும். ரகசியத்தைக் காப்பதாகச் சொன்ன அரசின் தரப்பிலிருந்துதான் லீயின் பெயரும் வெளியே போயிற்று. அதற்காக யாருடைய அனுமதி பறிக்கப்பட்டது என்பதே என் கேள்வி.