விலையோலை



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது நம் முன்னோர் மொழி. வீட்டை விற்றுப் பார் என்று அவர்கள் கூறவில்லை. அத்தகைய நிலை ஒருவருக்கும் வரவேண்டாம் என்று எண்ணினார்கள் போலும். எனக்கு அந்நிலை வந்தது. வெள்ளாற்றங்கரையில் உள்ள திட்டக்குடியில் என் தந்தையார் கட்டிய வீட்டை, நான் பணி ஓய்வு பெற்றபின் விற்க நேர்ந்தது. பல்லாண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்திருந்தும், வீட்டை எவ்வாறு விற்பது என்பதை நான் அறியேன். முதன்முறையாக விற்பவர் எவரும் அறியார். பின்னர் ஆராய்ந்து பார்த்தபோது, இவ்வினாவுக்கு விடை நம் கோயிற் சுவர்களிலேயே ஆயிரம் ஆண்டுகளாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டேன்.

சோழர் காலத்தில் சொந்த மனை என்பது செல்வம் மட்டுமன்று, மதிப்பும் ஆகும். முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஊராட்சி வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர் தம் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராதல் வேண்டும் என்று விதித்தன. இத்துணைச் சிறப்புடைய ஒன்றை விற்கும்போது நம்மவர் எத்துணைக் கவனம் செலுத்தினர் என்பதை அக்காலத்து நில விற்பனைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன.

அவற்றின் அமைப்பு பெரும்பாலும் ஒரே முறையில் செல்லும். விற்பவர் இன்னார், கொள்பவர் இன்னார் என்பது முதலில் வரும். அடுத்துக் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை என நான்கெல்லையும் சொல்லப்படும். மேல் நோக்கிய மரமும் கீழ் நோக்கிய கிணறும் சேர்த்து விற்கப்படுவதுண்டு. அளவில் சிறிது கூடினும் குறையினும் இவ்விலையுள் அடங்கும் என்பதை 'மிகுதிக் குறைமை உள்ளடங்க' என்னும் தொடர் தெளிவாக்கும். இருவரும் பேசி உடன்பட்ட விலைக்கு 'எம்மில் இசைந்த விலைப்பொருள்' என்று பெயர். அப்பொருள் ஆவணக்களரியில் முழுவதும் கைக்கொள்ளப்பட்டது என்பதும் எழுதப்படும். இறுதியில், அறிந்தோர் தம் கையெழுத்தை இடுவர்.

ஓலையின் உண்மையை அக்காலத்தார் எவ்வாறு சோதித்தனர் என்பதற்குப் பெரியபுராணத்தில் நல்ல சான்று உண்டு. திருவெண்ணெய்நல்லூர் அவையில் சுந்தரர்மீது வழக்குத் தொடுத்த முதியவர், சுந்தரர் கிழித்தது படியோலை என்றும், மூல ஓலை தம்மிடம் உள்ளது என்றும் கூறினார். அவையோர் அவர் சொல்லை அப்படியே ஏற்கவில்லை. சுந்தரருடைய பாட்டனார் எழுதிக் காப்பில் வைத்திருந்த வேறோர் ஓலையை வருவித்து, இரண்டின் எழுத்தையும் ஒப்பு நோக்கினர். பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் பாடிய இந்நிகழ்ச்சியில், மூலப் பத்திரத்தைப் பாதுகாப்பதன் இன்றியமையாமை எவ்வளவு அழகாக விளங்குகிறது!

ஆங்கிலேயர் ஆட்சியில் இம்முறை சட்டத்தின் வடிவம் பெற்றது. சென்னை மாகாணத்தில் 1802ஆம் ஆண்டின் 17ஆம் ஒழுங்குமுறை ஆவணப் பதிவுக்கு வழி வகுத்தது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாப் பொருளின் விற்பனை பதிவுப் பத்திரத்தாலேயே நிகழவேண்டும் என்றது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமோ, நகரத்து வீடு எந்தத் தெருவில், அத்தெருவின் எப்பக்கத்தில் உள்ளது, அதில் இப்போது குடியிருப்பவர் யார், முன்பு குடியிருந்தவர் யார் என்பவற்றையும் குறிக்கச் சொல்லிற்று. சோழர் காலத்து நான்கெல்லைக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு அன்றோ?

1882ஆம் ஆண்டின் சட்டத்தில் 55ஆம் பிரிவை நான் மாணவர்க்கு எப்போதும் எடுத்துக் கூறுவேன். சாதாரணக் கவனத்தால் வாங்குபவர் கண்டுகொள்ள இயலாத முக்கியமான குறை ஒன்று வீட்டிலோ உரிமையிலோ இருந்து, அதை விற்பவர் அறிந்திருப்பாராயின், அவர் அதனை வெளிப்படையாகச் சொல்லியே தீரவேண்டும். மறைப்பது வஞ்சனையாகும். வாங்குபவருக்கும் கடமை உண்டு. விற்பவர் அறியாத நிலையில், சொத்தில் அவருக்குள்ள உரிமையின் மதிப்பை உயர்த்தும் செய்தியைத் தாம் அறிந்திருந்தால், அதனை விற்பவருக்கு அவர் தெரிவித்தல் வேண்டும்.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். விற்பனைச் செய்தி பரவியதும் பலர் வந்தனர், பார்த்தனர், சென்றனர். பட்டா என் பாட்டனார் பெயரிலேயே இருந்ததும், முன் பத்திரம் பெட்டியின் அடியில் கிடந்ததும் தடைகளாயின. பட்டாவை மாற்றி, வில்லங்கச் சான்று பெற்று, நிலத்தை அளந்து, தாள்களை ஒழுங்காக அடுக்கிய பின்னரே வந்தவர்கள் அமர்ந்து பேசினார்கள். அண்மையில் அக்கம்பக்கத்து வீடுகள் என்ன விலைக்குப் போயின என்று விசாரித்து விலை சொன்னேன். முற்றத்தைத் துப்புரவாக்கிக் கிணற்றையும் தூர் எடுத்தேன்.

பின்கட்டுச் சுவரில் மழைக்காலத்தில் நீர் கசியும். கோடையில் அதன் தடயமே தெரியாது. "சுண்ணாம்பு அடித்துவிடுங்கள் ஐயா, யாருக்குத் தெரியப் போகிறது?" என்றார் ஒரு நண்பர். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. உண்மை பேசுக என்று கரும்பலகையில் எழுதிய கை அன்றோ இது! மறுநாள் வாங்க வந்த இளைஞரைப் பின்கட்டுக்கு அழைத்துச் சென்று அச்சுவரைக் காட்டினேன். அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார், பிறகு விலையில் ஒரு தொகையைக் குறைத்துக் கேட்டார், நானும் இசைந்தேன். "இதைச் சொன்ன நீங்கள் வேறு எதையும் மறைத்திருக்க மாட்டீர்கள்" என்று கூறி அன்றே முன்பணம் தந்தார். அதற்குமுன் வந்து சென்றவர்களிடம் நான் வீட்டின் பெருமையை மட்டுமே பேசியிருந்தேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நம் பக்கத்து விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே பாண்டம் வாங்குபவர் விரலால் ஒருமுறை தட்டிப் பார்ப்பார். விரிசல் இருந்தால் ஓசை காட்டிவிடும். வீட்டைத் தட்டிப் பார்க்க இயலாது. ஆதலின் விற்பவரது சொல்லே அவ்வோசையாக அமைதல் வேண்டும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தை வாசித்தார்கள். நான்கெல்லையும் சொல்லப்பட்டபோது, கிழக்கே நான் விளையாடிய தெருவும் வடக்கே என் தாயார் நீர் இறைத்த கிணற்றடியும் கண்முன் தோன்றின. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆயிரம் ஆண்டுகளாக நம்மவர் இட்டுவந்த கையெழுத்தை நானும் இட்டேன்.