திருவள்ளூர் வட்டாரமும் தனித்தியங்கும் முன் தொங்கலமைப்பும்

தனித்தியங்கும் முன் தொங்கலமைப்பு என்பது ஒரு வாகனத்தின் இரு முன் சக்கரங்களும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே மேலும் கீழும் அசைய இடம் தரும் அமைப்பாகும். பட்டறைகளில் இது 'சஸ்பென்ஷன்' என்ற பெயராலேயே வழங்குகிறது. கார்களில் இவ்வமைப்பு 1930களிலேயே பரவியது. சுமை ஏற்றும் பிக்கப் வண்டிகளுக்கு அது வந்து சேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. எண்ணூர், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய சென்னையின் வட, மேற்குப் புறத் தொழில் வட்டாரத்தில் இந்த மாற்றத்தின் பல கட்டங்களைக் காணலாம். பழைய பிக்கப்பின் முன்பக்கத்தை இவ்வாறு மாற்ற விரும்புவோர் அறிய வேண்டிய பொறியியல், சட்டச் செய்திகளும் இவ்வரலாற்றோடு தொடர்புடையவை.

இரும்பு அச்சும் பட்டை வில்லும்

பழைய பிக்கப்களிலும் லாரிகளிலும் இரு முன் சக்கரங்களையும் ஒரே இரும்பு அச்சு இணைக்கிறது. அந்த அச்சு இருபுறமும் லீஃப் ஸ்பிரிங் எனப்படும் பட்டை வில்களின் மீது கட்டப்பட்டிருக்கும். ஒரு சக்கரம் கல்லின் மேல் ஏறினால் அச்சு முழுவதும் சாய்கிறது. மறு சக்கரமும் சேர்ந்து சாய்கிறது. சுழலும் சக்கரத்தின் தளம் இப்படித் திடீரென மாறும்போது ஸ்டியரிங்கில் நடுக்கம் உண்டாகிறது. வேகம் கூடினால் நடுக்கமும் கூடும்.

வில்லை மென்மையாக்கினால் குலுக்கல் குறையும் என்று தோன்றலாம். ஆனால் பட்டை வில்லுக்கு இரண்டு வேலைகள் உண்டு. அது எடையைத் தாங்குகிறது. அச்சை அதற்குரிய இடத்தில் பிடித்தும் வைக்கிறது. அதை மிகவும் மென்மையாக்கினால் பிரேக் பிடிக்கும்போது வில் முறுக்கிக்கொள்ளும். அச்சும் இடம் மாறும். தனித்தியங்கும் அமைப்பு இவ்விரு வேலைகளையும் பிரித்துவிட்டது. சக்கரத்தை இடத்தில் நிறுத்துவது மேல், கீழ்க் கரங்களின் வேலை. எடையைத் தாங்குவது மட்டுமே வில்லின் வேலை. இதனால் வில்லை மென்மையாக்க முடிந்தது. குறுக்கே கிடந்த அச்சு நீங்கியதால் எஞ்சினை முன்னாகவும் தாழ்வாகவும் வைக்க முடிந்தது.

உலக அளவில் தொடக்கம்

பிரான்சின் அமெதே பொலே 1878 ஆம் ஆண்டில் உருவாக்கிய 'லா மான்செல்' நீராவி வண்டியிலேயே முன் சக்கரங்கள் தனித்தனியே தொங்கவிடப்பட்டிருந்தன. 1922 இல் வெளிவந்த இத்தாலியின் லான்சியா லாம்டா இன்னொரு வகையைக் காட்டியது. 1934 இல் இரு பெரிய நகர்வுகள் நிகழ்ந்தன. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், பொறியாளர் மோரிஸ் ஆலியின் ஆய்வுகளைக் கொண்டு தன் கார்களில் இவ்வமைப்பைப் புகுத்தியது. பிரான்சின் சிட்ரோயன், 'டிராக்ஷன் அவான்' காரில் சுருள்வில்லுக்குப் பதிலாக முறுக்குக் கம்பியைப் பயன்படுத்தியது. முறுக்குக் கம்பி என்பது ஒரு முனை சட்டகத்திலும் மறுமுனை சக்கரத்தின் கரத்திலும் பிணைக்கப்பட்ட உருக்குத் தண்டு. சக்கரம் உயரும்போது தண்டு முறுகி, பின் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

பிக்கப் வண்டிகளில் செவ்ரோலெட் 1960 ஆம் ஆண்டு மாதிரிகளில் முறுக்குக் கம்பியோடு கூடிய தனித்தியங்கும் முன்பக்கத்தைக் கொண்டுவந்தது. 1963 இல் அதைச் சுருள்வில்லுக்கு மாற்றியது. ஃபோர்டு 1965 இல் 'இரட்டை ஐ-பீம்' என்ற இடைவழியைத் தேர்ந்தது. அதில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனியே ஒரு கனத்த கரம் இருந்தது. சுமை வண்டி வாங்குவோர் இரும்பு அச்சின் வலிமையை எளிதில் கைவிடவில்லை என்பதையே இந்த இடைவழி காட்டுகிறது.

எண்ணூரும் உத்தரபாராவும்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் இருப்புப்பாதையில் உள்ள ஊர் எண்ணூர். 1948 இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், இங்கு பிரிட்டனின் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டத் தொடங்கியது. அக்கார்களின் முன் சக்கரங்கள் சுருள்வில்லின் மீது தனித்தனியே இயங்கின. பின்னர் லேலண்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டு, 1955 இல் நிறுவனத்தின் பெயர் அசோக் லேலண்டு ஆனது. அதன் பின் எண்ணூர் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் உரிய ஊராயிற்று. அவற்றின் முன்பக்கத்தில் இரும்பு அச்சும் பட்டை வில்லும் இருந்தன. எனவே எண்ணூரில் காரின் தனித்தியங்கும் அமைப்பு முதலில் வந்தது. லாரியின் அச்சு அதற்குப் பின்னரே வந்தது. அன்றைய சாலைக்கும் சுமைக்கும் அச்சே ஏற்றதாக இருந்தது.

திருவள்ளூரின் தொடர்பு இந்துஸ்தான் மோட்டார்ஸ் வழியாக வந்தது. 1942 இல் நிறுவப்பட்ட இந்நிறுவனம் வங்காளத்தின் உத்தரபாராவில் அம்பாசடர் காரைத் தயாரித்தது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையைத் தழுவிய அந்தக் காரின் முன்பக்கத்தில் முறுக்குக் கம்பிகள் இருந்தன. பின்பக்கத்தில் இரும்பு அச்சும் பட்டை வில்லும் இருந்தன. குண்டும் குழியுமான சாலையில் அம்பாசடரின் முன் இருக்கைப் பயணம் பெயர் பெற்றதற்கு இந்த முறுக்குக் கம்பியும் ஒரு காரணம். மூட்டுகளுக்கு உரிய காலத்தில் கிரீஸ் வைக்காவிட்டால் அவை தேயும் என்பதை வாடகைக் கார் ஓட்டுநர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

திருவள்ளூர் ஆலை

இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1970களில் திருவள்ளூரில் மண் அள்ளும் கனரக இயந்திரங்களைத் தயாரிக்கத் தொடங்கியது. அந்தப் பிரிவு பின்னர் கேட்டர்பில்லர் நிறுவனத்திடம் சென்றது. அதே ஊரில் அமைந்த கார் ஆலையில் 1998 இல் மிட்சுபிஷி லான்சர் வெளிவந்தது. அடுத்து பஜேரோ பூட்டப்பட்டது. பஜேரோவின் முன்பக்கத்திலும் முறுக்குக் கம்பியே இருந்தது.

பிக்கப் வரலாற்றில் இந்த ஆலை இடம்பெற்றது ஜப்பானின் இசுசூ வழியாகத்தான். 2013 இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி, இசுசூவின் எம்யூ-7, டி-மேக்ஸ் பிக்கப் ஆகிய வண்டிகளைத் திருவள்ளூரில் பூட்டும் ஏற்பாடு தொடங்கியது. எம்யூ-7 முறுக்குக் கம்பியும், டி-மேக்ஸ் சுருள்வில்லும் கொண்டவை. இரண்டிலும் முன் சக்கரங்கள் இரட்டைக் கரங்களில் தனித்தனியே இயங்கின. டி-மேக்ஸின் பின்பக்கத்தில் சுமைக்காகப் பட்டை வில் தொடர்ந்தது. 2016 ஏப்ரலில் ஆந்திர எல்லைக்கு அப்பால் ஸ்ரீ சிட்டியில் இசுசூவின் சொந்த ஆலை திறக்கப்பட்டு, தயாரிப்பு அங்கே நகர்ந்தது. சென்னையிலிருந்து அங்கு செல்லும் நெடுஞ்சாலை கும்மிடிப்பூண்டி வழியே போகிறது.

2014 மே மாதத்தில் உத்தரபாராவில் அம்பாசடர் தயாரிப்பு நின்றது. 2017 இல் அம்பாசடர் என்ற பெயரை பிரான்சின் பெஜோ குழுமம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பிர்லா குழுமத்துடனான கூட்டு முயற்சியில் திருவள்ளூர் ஆலை சிட்ரோயன் கார்களுக்கு உரியதானது. 2021 இல் சி5 ஏர்கிராஸும் 2022 இல் சி3யும் இந்தியச் சந்தைக்கு வந்தன. 1934 இல் முறுக்குக் கம்பியைப் பெருமளவில் கார்களில் கொண்டுவந்த நிறுவனத்தின் கார்கள், முறுக்குக் கம்பி அம்பாசடரைத் தயாரித்த நிறுவனத்தின் பழைய ஆலையில் உருவாகின்றன.

பழைய பிக்கப்பில் பொருத்துதல்

பழைய பிக்கப்பில் இவ்வமைப்பைப் பொருத்துவதற்கு அச்சை மாற்றினால் மட்டும் போதாது. பட்டை வில் வண்டியில் எடை ஒவ்வொரு பக்கமும் இரண்டு தொங்கு இடங்கள் வழியே சட்டகத்தின் நீளவாட்டில் பரவுகிறது. தனித்தியங்கும் அமைப்பில் எடை, பிரேக் விசை, திருப்பத்தின் பக்கவாட்டு விசை ஆகிய மூன்றும் முன் குறுக்குச் சட்டத்தில் குவிகின்றன. பழைய சட்டகம் இதற்கென வடிவமைக்கப்படவில்லை. ஆகவே திறந்த 'சி' வடிவ நீளச் சட்டங்களை உருக்குத் தகடு வைத்துப் பெட்டி வடிவாக மூடிய பின்னரே புதிய குறுக்குச் சட்டத்தைப் பற்றவைக்க வேண்டும்.

அடுத்தது அளவுகள். அமெரிக்கப் பட்டறைகளில் 1974 இல் வந்த மஸ்டாங் II காரின் முன்பக்க வடிவம் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. எந்த வண்டியிலிருந்து பாகங்களை எடுத்தாலும் பின்வருவன பொருந்த வேண்டும்:

- இரு முன் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் பழைய உடலின் மட்கார்டுக்குள் அடங்க வேண்டும்.
- சக்கரத்தின் சாய்வுக் கோணங்கள் வண்டி ஓடும் உயரத்தில் சரியாக அமைய வேண்டும். வெறுமையாக நிற்கும்போது மட்டும் சரியாக இருந்தால் போதாது.
- ஸ்டியரிங் இணைப்புத் தண்டு, கரங்கள் சுழலும் அதே வில்வளைவில் அசைய வேண்டும். இல்லையெனில் ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தானாகவே திரும்பும்.
- எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி புதிய குறுக்குச் சட்டத்தில் இடிக்கக் கூடாது.
- பிரேக், சக்கர போல்ட்டு இடைவெளி, வில்லின் வலிமை ஆகியவை வண்டியின் முழுச் சுமைக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும்.

மூன்றாவது அளவில் பிழை நேர்ந்தால் அது பட்டறை வாசலில் தெரியாது. வேகத்தில், மேடுபள்ளத்தில்தான் தெரியும். பற்றவைப்பில் உள்ள குறையும் அப்படியே. சட்டகம் சுமையேறி அதிரும் நாளில்தான் விரிசல் வெளிப்படும்.

சட்ட நிலை

இந்தியாவில் இது சட்டத்தோடும் தொடர்புடையது. மோட்டார் வாகனச் சட்டம் 1988 இன் 52 ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த மூல விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும் வகையில் வண்டியை உரிமையாளர் மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. 2021 இல் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை வந்தது. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகள், மூல வடிவிலேயே பேணப்பட்டிருந்தால், 'விஏ' என்ற எழுத்துகளோடு பதிவு பெறலாம். சட்டகத்தில் மாற்றம் செய்த வண்டி அந்தத் தகுதியை இழக்கும். எனவே பழைய பிக்கப்பின் உரிமையாளர் வெட்டும் முன்னரே எதைக் காப்பது என்று முடிவு செய்ய வேண்டியுள்ளது.

மூல வடிவம் காக்கும் வழி

சட்டகத்தை வெட்டாமலே பழைய பிக்கப்பின் முன்பக்கத்தைப் பெரிதும் சீராக்க முடியும். தேய்ந்த கிங் பின்களையும் புஷ்களையும் மாற்றுதல், பட்டை வில்லைப் பிரித்துத் துருநீக்கிச் சரியான வளைவுக்குக் கொண்டுவருதல், நல்ல அதிர்வு தாங்கிகளைப் பொருத்துதல், அச்சுக்கும் வில்லுக்கும் இடையில் ஆப்பு வைத்துக் காஸ்டர் கோணத்தைத் திருத்துதல் ஆகியன அவ்வழிகள். ஸ்டியரிங் நடுக்கம் பெரும்பாலும் இத்தேய்மானங்களிலிருந்தே வருகிறது. சுமைக்கென விற்கப்படும் பல வண்டிகளில் இன்றும் முன் இரும்பு அச்சு நீடிக்கிறது. டி-மேக்ஸ் போன்றவற்றில் தனித்தியங்கும் அமைப்பு பாதுகாப்பாக வேலை செய்வதற்குக் காரணம், அவற்றின் சட்டகம் முதல் வரைபடத்திலேயே அதற்கென வடிவமைக்கப்பட்டதே.