சோலைக்கிளி - ஆனா கிளி இல்லை

கொடைக்கானல்னா நமக்கு ஏரி, தூண்பாறை, ஹோம்மேட் சாக்லேட். அங்கேயே சோலைக்காட்டு இருட்டுல ஒரு சின்னப் பறவை இருக்கு. அதுக்கும் ஒரு வரலாறு இருக்குங்க.

பேரு சோலைக்கிளி. பச்சை உடம்பு, சிவப்பு மூக்குன்னு கற்பனை பண்ணிடாதீங்க மக்களே :-) மலையாளத்துல கிளின்னா பறவை, அவ்வளவுதான். நம்மாளு சிட்டுக்குருவி அளவு. நீலம் கலந்த சாம்பல் உடம்பு, வெள்ளை வயிறு. உதிர்ந்த இலைகளுக்கு நடுவுல தரையோரமா பூச்சி பிடிச்சுத் தின்னும்.

1860களில் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்க மிஷனரி பழனி மலையில் பறவைகளைச் சேகரித்தார். அதில் இருந்த இந்தப் பறவையை வைத்து, பிளான்ஃபோர்ட் அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார். அதுக்கப்புறம் பாவம், பேரு மாறிக்கிட்டே இருந்துச்சு. நீலகிரியில இருக்கிற இதோட சொந்தக்காரனும் இதுவும் ஒரே இனம்னு ரொம்ப நாள் எழுதி வச்சிருந்தாங்க. 2005-ல் ராஸ்முசெனும் ஆண்டர்டனும் தங்கள் நூலில் ரெண்டையும் தனி இனமாகப் பிரித்தார்கள்.

2017-ல் வி.வி.ராபின் குழுவினர் மரபணுவை ஆராய்ந்து சொன்னது இன்னும் சுவாரசியம். இவை ஈப்பிடிப்பான் கூட்டத்துக்கு நெருக்கமானவை. ஆனா உலகத்துல வேறெங்கும் இல்லாத தனிப் பேரினம். அதுக்கு 'ஷோலிகோலா'ன்னு பேரு வச்சாங்க. சோலையில் வாழ்வதுன்னு பொருள், காதுக்குச் சோலைக்கிளி மாதிரியும் கேட்குது!

ஏன் இப்படிப் பிரிஞ்சது? நடுவுல பாலக்காட்டுக் கணவாய். 30 கி.மீ.க்கு மேல் அகலம். குளிர்ந்த மேல்மலைச் சோலையில பிறந்த பறவை, அந்தச் சூடான சமவெளியைத் தாண்டாது. வடக்கே ஒரு இனம். தெற்கே பழனி, ஆனைமலைப் பக்கம் ஒன்று. செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே அகத்தியமலைப் பக்கம் மூன்றாவது. கடல் இல்லாத தீவுகள்னு வச்சுக்கங்களேன்.

இதுலதான் பயமும் இருக்கு. சீகை, யூகலிப்டஸ், பைன் தோட்டங்களும் விவசாயமும் பெருகி, நாற்பது வருஷத்துல பழனி மலைப் புல்வெளியில மூணில் ரெண்டு பங்கு போயிடுச்சுன்னு 2018-ல் வந்த ஆய்வு சொல்லுது. சோலையிலும் மூணில் ஒரு பங்கு கிட்ட காணோம். 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிச்சது ஒரு ஆறுதல்.

நூத்தைம்பது வருஷம் கழிச்சு சரியான பேரு கிடைச்சாச்சு. பேர்ல இருக்கிற சோலை மலையிலயும் மிஞ்சணும். ஏன்னா இந்தப் பறவைக்குக் குடிபெயர வேற மலை கிடையாது.