ஜின் லண்டனை ஆட்டிவைத்த காலம்

ஜூனிப்பர் என்னும் ஊசியிலைச் செடியின் நறுமணக் காய்களைச் சேர்த்துத் தானியச் சாராயத்தை வடித்து, ஔஷதமாகவும் பானமாகவும் ஹாலந்து தேசத்தார் அருந்திவந்த ஜெனிவர், அத்தேசத்து வில்லியம் 1689-இல் இங்கிலாந்தின் சிம்மாசனம் ஏறியபின், பிரெஞ்சுப் பிராந்திக்கு விதிக்கப்பட்ட தடையாலும், சாராயம் வடிக்கும் தொழிலை எல்லோருக்கும் திறந்துவிட்ட 1690-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், ஜின் என்ற பெயரில் லண்டன் ஏழைகளின் நித்திய பானமாயிற்று. உபரித் தானியத்துக்கு விலை கிடைத்த நிலப்பிரபுக்கள் திருப்தியுற்றனர். பட்டினியை மறக்க மலிவான போதையை நாடிய ஜனங்களின் துயரத்தை வெகுகாலம் எவரும் பொருட்படுத்தவில்லை.

1736-இல் சில்லறை விற்பனைக்கு 50 பவுன் லைசென்சுக் கட்டணமும், காலனுக்கு 20 ஷில்லிங் வரியும் விதித்த பார்லிமெண்டு, கலகத்தையும் கள்ள வியாபாரத்தையுமே பலனாகக் கண்டு, 1743-இல் அச்சட்டத்தை ரத்துச் செய்தது. வறுமையில் விளைந்த வியாதியை வரியால் தீர்க்க முயன்றது கொடிய பிழையென்றே நான் கருதுகிறேன். மடியிலிருந்து குழந்தை நழுவி விழுவதையும் உணராத தாயொருத்தியை ஓவியர் ஹோகார்த் தம் 'ஜின் சந்து' சித்திரத்தில் காட்டிய 1751-ஆம் ஆண்டிலேயே நிதானமான வேறொரு சட்டம் பிறந்தது. அதுவும், பின்வந்த விளைச்சல் குறைவும் அவ்வெறியைத் தணித்தன.

அடுத்த நூற்றாண்டில், ஐனியஸ் காஃபி 1830-இல் காப்புரிமை பெற்ற தொடர்வடிப்புக் கலம் சுத்தமான சாராயத்தைத் தரவே, இனிப்பூட்டிய 'ஓல்ட் டாம்' ஜின் மெல்லப் பின்வாங்க, கொத்துமல்லி விதையும் ஏஞ்சலிக்கா வேரும் மணக்கும் 'லண்டன் டிரை' முன்வந்தது.