முக்காற்புள்ளியும் ஒரு முகமும்

தி. நகர் நண்பர் ஒருவர் என் கவிதையைப் பற்றிக் கைபேசியில் ஒரு வரி அனுப்பினார்: 'இதை நீர் எழுதாமலே இருந்திருக்கலாம்'. பின்னால் முக்காற்புள்ளி, சிறுகோடு, மூடிய அடைப்புக்குறி. பல வருஷம் அச்சுப்பிழை திருத்திய புத்தி. திறக்காத அடைப்பை ஏன் மூடினார் என்றுதான் யோசித்தேன். இரண்டு மாதம் பேச்சில்லை. தலையை இடப்பக்கம் சாய்த்துப் பார்க்கச் சொன்னவள் என் பேத்தி. :-) சிரிக்கிறது.

இது பிறந்ததே இம்மாதிரி விபத்தில்தான். அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில், லிஃப்டில் பாதரசம் கொட்டிவிட்டதாக யாரோ கணினி வழியே விளையாட்டாக எழுத, சிலர் அதை நிஜ எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். 1982 செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன் யோசனை சொன்னார்: ஹாஸ்யத்துக்கு இந்தக் குறி, ஹாஸ்யமல்லாததற்கு அடைப்பைத் திருப்பிப் போட்ட குறி. பின்னது அப்போது சோகமல்ல, 'விளையாட்டில்லை' என்பதே. வாய் கீழ்நோக்கி வளைந்திருந்ததால் ஜனங்கள் அதைச் சோகமாக்கினார்கள். அர்த்தத்தை உருவம் இழுத்துக்கொண்டு போயிற்று.

அச்சுக்காரர்கள் முந்திக்கொண்டவர்கள். 1881 மார்ச் 30இல் நியூயார்க்கின் 'பக்' பத்திரிகை, ஓவியர்களைக் கேலி செய்து, வெறும் அச்செழுத்துக்களால் நான்கு முகங்கள் கோத்தது: மகிழ்ச்சி, சோகம், அலட்சியம், வியப்பு. இதையாவது நான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஜப்பானியக் குறிகளுக்குத் தலை சாய்க்க வேண்டாம். அவற்றில் கண் மாறும். வாய் பெரும்பாலும் ஒரு கோடு. உணர்ச்சியை அறிய ஜப்பானியர் கண்ணையும் அமெரிக்கர் வாயையும் அதிகம் நம்புவதாக 2007இல் மஸாகி யூகியும் சகாக்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாம் கண் கட்சி என்பேன். மாட வீதிகளில் வரலக்ஷ்மி விரதத்துக்கு வெள்ளி முகம் வாங்க வசதியில்லாத வீட்டில், தேங்காயில் மஞ்சள் பூசி மையால் கண் எழுதுவார்கள். அம்மன் வந்துவிடுவாள். சிற்பிக்கும் கண் திறப்பதுதான் கடைசி வேலை.

கன்னட எழுத்தொன்றின் கதை இன்னும் விசித்திரம். 'ட' வரிசையில் இரண்டாவது: வட்டம், நடுவே புள்ளி, மேலே புருவம் மாதிரித் தலைக்கட்டு. அதை இரண்டாக வைத்து நடுவில் அடிக்கோடு போட்டால் முறைக்கும் முகம். கன்னடம் அறியாத தேசங்களில் அது புழங்குகிறது. கன்னடக்காரருக்கு முதலில் ஒலிதான் வரும் என்று நினைக்கிறேன்; என்னைப் போல, எழுத்தை விட்டால்தான் முகம்.

போன வாரம் நண்பர் வீட்டுக்குப் போனேன். அடைப்புக்குறி விஷயத்தைச் சொன்னேன். காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை. கவிதையைப் பற்றி இருவரும் பேசவில்லை.