லாஸ் ஏஞ்சல்ஸ் சீனச் சந்தும் நினைவுப் பலகையும்

வரலாற்றுச் சிறப்புடைய இடங்களில் பலகை பதிக்கும் திட்டம் 1866இல் லண்டனில் தொடங்கப்பட்டது. புகழ்பெற்றவர்கள் வாழ்ந்த வீடுகளே முதலில் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. காலப்போக்கில் இவ்வழக்கம் பல நாடுகளுக்குப் பரவி, நகர மையங்களின் குறுகிய சந்துகளையும் எட்டியது. அச்சந்துகளில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் குடியேறிகள், கூலித் தொழிலாளர்கள், சிறு வணிகர்கள். அவர்கள் பெயரில் மாளிகைகளோ சிலைகளோ இல்லை. சந்தே இடிக்கப்பட்டுவிட்டால், அங்கு நடந்ததைப் பொது இடத்தில் சொல்லப் பலகை ஒன்றுதான் மிஞ்சுகிறது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் இருந்த 'காயே தெ லோஸ் நெக்ரோஸ்' என்னும் சந்து இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

சந்தின் தோற்றம்

லாஸ் ஏஞ்சல்ஸின் பழைய சதுக்கத்தை ஒட்டி, ஒரே தெருத்துண்டு நீளத்தில், தளமிடப்படாத மண்பாதையாக இச்சந்து இருந்தது. 'கறுப்பர் தெரு' எனப் பொருள்படும் இந்த ஸ்பானியப் பெயர், அங்கு வாழ்ந்த கருநிறக் கலப்பின மக்களைக் குறித்து வந்தது. ஒருகாலத்தில் வசதி படைத்த குடும்பங்களும் வாழ்ந்த இத்தெரு, 1850களில் மதுக்கடைகளும் சூதாட்ட விடுதிகளும் நிறைந்ததாக மாறியது. 1860களில் சீனர்கள் இங்குக் குடியேறினர். மற்றவர்கள் கைவிட்ட பழைய மண்கல் கட்டடங்களே அவர்களுக்கு வாடகைக்குக் கிடைத்தன. 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 5,728. அவர்களில் சீனர்கள் 172 பேர் மட்டுமே. சலவை, சமையல், காய்கறி வணிகம் ஆகியவை அவர்களின் முக்கியத் தொழில்கள்.

1871 படுகொலை

1871 அக்டோபர் 24 அன்று சீனர்களின் இரு சங்கங்களுக்கு இடையிலான பகை துப்பாக்கிச் சண்டையாக வெடித்தது. தலையிடச் சென்ற காவலர் ஒருவர் காயமடைந்தார். ராபர்ட் தாம்சன் என்னும் உள்ளூர்க்காரர் சுடப்பட்டு இறந்தார். செய்தி பரவியதும் ஏறக்குறைய 500 பேர் கொண்ட கும்பல் சந்தைச் சூழ்ந்தது. கூரைகளில் துளையிட்டு உள்ளே இருந்தவர்களைச் சுட்டனர், வெளியே ஓடிவந்தவர்களை இழுத்துச் சென்று தூக்கிலிட்டனர், வீடுகளைக் கொள்ளையடித்தனர்.

கொல்லப்பட்ட சீனர்கள் 18 பேர் என்றும் 19 பேர் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிடுகின்றனர். நகரில் வாழ்ந்த சீனர்களில் இது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இறந்தவர்களில் பெரும்பாலோருக்குத் துப்பாக்கிச் சண்டையில் எந்தப் பங்கும் இல்லை. அவர்களுள் ஒருவர் சீ லாங் டாங் என்னும் மருத்துவர். ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் உயிர்ப்பிச்சை கேட்ட அவரையும் கும்பல் தூக்கிலிட்டது. அதே இரவில் சீனர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றிய நகரவாசிகளும் இருந்தனர்.

நீதிமன்றத்தில் விடுபட்ட சொல்

வெள்ளையருக்கு எதிராகச் சீனர்கள் சாட்சி சொல்ல முடியாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1854இல் தீர்ப்பளித்திருந்தது. 1863இல் அது சட்டமாகவும் ஆனது. இதனால் தாக்குதலை நேரில் கண்ட சீனர்களின் வாய் அடைக்கப்பட்டது. ஆயினும் 1872இல் எட்டுப் பேர் கொலைக்குற்றமாகாத மரணம் விளைவித்தல் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர். அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. சீ லாங் டாங் கொலை செய்யப்பட்டார் என்று குற்றப்பத்திரிகையில் குறிப்பிடப்படவில்லை என்பதே காரணம். வழக்கு மீண்டும் விசாரிக்கப்படவில்லை.

அழிந்த சந்து

1877இல் சந்தின் பெயர் நீக்கப்பட்டு, அது லாஸ் ஏஞ்சல்ஸ் தெருவின் பகுதியாக்கப்பட்டது. படுகொலை நடந்த பழைய கட்டடம் 1880களில் இடிக்கப்பட்டது. அருகில் வளர்ந்த சீனக் குடியிருப்பின் பெரும்பகுதியும் 1930களில் யூனியன் ரயில் நிலையத்துக்காக அகற்றப்பட்டது. 1939இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தின் அழகைக் காண வருவோருக்கு, பக்கத்தில் நடந்ததை உணர்த்தும் கட்டடம் எதுவும் எஞ்சவில்லை.

பலகையும் நினைவுச்சின்னமும்

130 ஆண்டுகள் கழித்தே, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், அப்பகுதியின் நடைபாதையில் படுகொலையைக் குறிக்கும் பலகை ஒன்று பதிக்கப்பட்டது. 2003இல் அருகிலுள்ள 1890ஆம் ஆண்டுக் கட்டடத்தில் சீன அமெரிக்க அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஆனால் தரையில் பதித்த ஒரு பலகை போதுமா என்ற கேள்வி எழுந்தது. குனிந்து பார்ப்பவர் கண்ணில் மட்டுமே படும் பலகையை மற்றவர்கள் மிதித்துக்கொண்டே கடந்துவிடலாம். நகர நிர்வாகம் அமைத்த நினைவுப் பணிக்குழு 2021இல் வெளியிட்ட அறிக்கையில், இப்படுகொலைக்குத் தனி நினைவுச்சின்னம் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 2023இல் அதற்கான வடிவமைப்பு தேர்ந்தெடுக்கப்பட்டது. கல்லாய் உறைந்த ஆலமரங்களின் அடிமரங்களைக் கொண்டது அவ்வடிவம். தென்சீனக் கிராமங்களில் மக்கள் கூடும் இடம் ஆலமர நிழலாகும்.

விளக்கப் பலகையில் சில வரிகளுக்கே இடமுண்டு. அதனால் அதில் இடம்பெறும் ஒவ்வொரு சொல்லும் ஒரு தேர்வாகிறது. 'கலவரம்' என்று எழுதினால் இரு தரப்பும் மோதிக்கொண்டதாகப் பொருள் வரும். 'உயிரிழந்தனர்' என்று எழுதினால் கொன்றவர்கள் மறைந்துவிடுவர். 'பலர்' என்று எழுதினால் சீ லாங் டாங் என்ற பெயர் தொலைந்துவிடும். நீதிமன்ற ஆவணத்தில் விடுபட்ட ஒரு சொல் குற்றவாளிகளை விடுவித்தது. அந்தச் சொல்லை எல்லோரும் நடக்கும் தெருவில் எழுதிவைப்பதால் தண்டனை திரும்பிவராது. ஆனால் அங்கு நடந்தது கொலை என்பதை அதன்பின் யாரும் மறுக்க முடியாது.