பத்மநாபபுரம் அரண்மனை: ஆட்சிபீடத்திலிருந்து அருங்காட்சியகத்திற்கு

ஆய்வுச்சுருக்கம்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையை அடுத்துள்ள பத்மநாபபுரம் அரண்மனை, திருவிதாங்கூர் அரசின் பழைய தலைநகரமாக விளங்கியது. இன்று கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் அருங்காட்சியகமாக இயங்குகிறது. இது பெரும்பாலும் மரக்கட்டடக் கலையின் சிறப்புக்காகவே போற்றப்படுகிறது. இவ்வரண்மனையைக் கலைப்பொருளாக மட்டும் காணாமல், ஓர் அரசின் உருவாக்கத்தைக் காட்டும் அடுக்கு ஆவணமாக வாசிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பத்மநாபபுரம், வேணாடு, திருவிதாங்கூர், திருப்படித்தானம், அருங்காட்சியகம், எல்லைச் சீரமைப்பு.

முன்னுரை

வேளிமலை அடிவாரத்தில் கோட்டை மதிலுக்குள் ஏறத்தாழ 6.5 ஏக்கர் பரப்பில் அமைந்துள்ள இவ்வரண்மனை, ஒரே காலத்தில் ஒரே மன்னரால் கட்டப்பட்டதன்று. கல்குளம் என வழங்கிய இவ்விடத்தில் வேணாட்டு மன்னர் இரவி இரவிவர்ம குலசேகரப் பெருமாள் 1601ஆம் ஆண்டளவில் அரண்மனை எழுப்பினார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மர் (1729–1758) இதனை விரிவுபடுத்திப் புதுப்பித்தார். பத்மநாபபுரம் என்னும் பெயரும் அவர் காலத்ததே. ஒரு சிற்றரசின் இருப்பிடம் பேரரசின் தலைமையிடமாக மாறிய வரலாறு இக்கட்டடங்களின் வளர்ச்சியில் பதிவாகியுள்ளது.

கட்டட அடுக்குகளும் காலவரிசையும்

இன்று வளாகத்திற்குள் நுழைவோர் முதலில் காண்பது பூமுகமும் அதன் மேல்தளத்திலுள்ள மந்திரசாலையும் ஆகும். பூமுகத்தின் மரக்கூரையில் ஒன்றையொன்று ஒவ்வாத தொண்ணூறு தாமரை வடிவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. மந்திரசாலையின் பலகணிகளில் பதித்த வண்ண மைக்காத் தகடுகள் வெயிலைத் தணித்து உள்ளே அனுப்புகின்றன. இவை அரசின் பொதுமுகத்தைக் காட்டும் பகுதிகள். அடுத்து வரும் ஊட்டுப்புரை, ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பேருக்கு உணவளிக்கத்தக்கதாகச் சொல்லப்படும் இரண்டடுக்குக் கூடம். அன்னமளித்தலை அரசின் கடமையாகவும் பெருமையாகவும் கருதிய ஆட்சிமுறைக்கு அதன் நீளமே சான்று.

இவற்றைக் கடந்த பின்னரே வளாகத்தின் மிகப் பழைய பகுதியான தாய்க் கொட்டாரத்தை அடைய முடிகிறது. நாலுகெட்டு அமைப்பும் நுண்செதுக்குடைய பலாமரத் தூணும் கொண்ட இப்பகுதி, அளவிலும் அமைப்பிலும் ஒரு பெருங்குடியின் தறவாட்டு வீட்டையே நினைவூட்டுகிறது. நவராத்திரி மண்டபமோ கருங்கல்லால் ஆனது. அதன் சிற்பத் தூண்கள் தமிழகக் கோயில் மண்டப மரபைச் சார்ந்தவை. விருந்தினருக்கெனக் கட்டப்பட்ட இந்திர விலாசத்தில் ஐரோப்பியச் சாயல் தெரிகிறது. வீடு, கோயில், அயலக மாளிகை ஆகிய மூன்று கட்டட மரபுகளும் ஒரே மதிலுக்குள் அடுத்தடுத்து நிற்கின்றன.

பார்வையாளரின் வழித்தடம் இடவசதியைப் பின்பற்றுகிறது, காலவரிசையை அன்று. எனவே பிந்தைய கட்டடத்திலிருந்து முந்தையதற்கும், அங்கிருந்து மீண்டும் பிந்தையதற்கும் செல்லும் பார்வையாளர், முழு வளாகத்தையும் ஒரே காலத்துப் படைப்பாகக் கருதிவிட நேர்கிறது. அடுக்குகள் மறையும்போது அரசு வளர்ந்த முறையும் மறைகிறது.

உப்பரிகை மாளிகையும் அரசதிகாரமும்

மார்த்தாண்ட வர்மர் 1741இல் குளச்சலில் டச்சுப் படையை வென்றார். அண்டைச் சிற்றரசுகளைத் தம் ஆட்சியில் இணைத்தார். 1750 சனவரியில் நாட்டையே திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு ஒப்புவித்துத் தாம் 'பத்மநாப தாசர்' எனும் நிலையில் ஆளலானார். திருப்படித்தானம் எனப்படும் இச்செயல், வாளால் பெற்ற நிலத்திற்கு இறைமையின் ஒப்புதலை வழங்கியது. மன்னருக்கு எதிர்ப்பு என்பது இறைவனுக்கு எதிர்ப்பாகவும் பொருள்பட்டது. வேணாட்டு அரசின் வரிச்சுமைக்கு எதிராக நாஞ்சில் நாட்டார் கூட்டங்கூடி முடிவெடுத்த 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தை நோக்க, இம்மாற்றத்தின் அரசியல் பயன் விளங்கும்.

இக்கருத்தின் கட்டட வடிவமே நான்கு நிலைகளைக் கொண்ட உப்பரிகை மாளிகை. அதன் அடித்தளம் கருவூலம். அதற்கு மேல் மன்னரின் பள்ளியறை. உச்சிநிலை பத்மநாபருக்கு உரியது. அவ்வறையின் சுவர்கள் முழுவதும் ஓவியங்கள் நிறைந்துள்ளன. செல்வம், மன்னர், இறைவன் என்னும் ஏறுவரிசையில் ஓர் அரசியல் கோட்பாடே மாடியாக எழுந்துள்ளது. ஓவியங்களின் பாதுகாப்புக் கருதி உச்சிநிலை பொதுவாகப் பார்வையாளர்களுக்குத் திறக்கப்படுவதில்லை. இக்கட்டுப்பாடு தேவையானதே. எனினும் கட்டடத்தின் பொருளை நிறைவு செய்யும் நிலை காணப்படாமற்போவதால், கீழ்நிலையிலுள்ள மூலிகை மரக் கட்டிலே மாளிகையின் முதன்மைச் செய்தியாக எஞ்சுகிறது.

அருங்காட்சியகமும் மாநில எல்லையும்

1795இல் தலைநகரம் திருவனந்தபுரத்திற்கு மாற்றப்பட்டது. அதன்பின் ஆட்சிப் பயன்பாடு குறைந்த அரண்மனையை, 1930களில் சித்திரைத் திருநாள் ஆட்சியில் திருவிதாங்கூர்த் தொல்லியல் துறை சீரமைத்துப் பாதுகாப்புச் சின்னமாக்கியது. முடியாட்சி நடந்துகொண்டிருக்கும்போதே அதன் பழைய இருக்கை காட்சிக்குரியதாயிற்று.

1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நிலம் தமிழகத்திற்கு வந்தது. அரண்மனையின் பொறுப்பு கேரளத்திடம் நின்றது. மொழிவழி எல்லையால் பகுக்க இயலாத பொதுமரபு ஒன்று இங்கு இருந்ததை இவ்வேற்பாடே உணர்த்துகிறது.

அதனை ஆண்டுதோறும் புலப்படுத்துவது நவராத்திரி ஊர்வலம். கம்பர் வழிபட்டதாக மரபு கூறும் தேவாரக்கட்டு சரசுவதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய திருவுருவங்கள் இங்கிருந்து திருவனந்தபுரம் செல்கின்றன. உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாள் கைமாற்றப்படும் சடங்கில் இரு மாநில அலுவலர்களும் பங்கேற்கின்றனர். களியக்காவிளை எல்லையில் அரசு மரியாதையுடன் வரவேற்பு நிகழ்கிறது. காட்சிப்பொருளாகிவிட்ட அரண்மனை அந்நாளில் மட்டும் மீண்டும் செயற்களமாகிறது. பயன்பாடு முடிந்த பொருள்களின் களஞ்சியமே அருங்காட்சியகம் என்னும் வரையறை இவ்விடத்திற்கு முழுமையாகப் பொருந்துவதில்லை.

முடிவுரை

பத்மநாபபுரத்தை 'கேரள மரக்கலையின் உன்னதம்' என்பது உண்மையே, முழு உண்மையன்று. தறவாட்டு வீடாகத் தொடங்கி, இறைவன் பெயரால் ஆளும் அரசின் தலைமையிடமாக உயர்ந்து, இரு மாநிலங்களின் பொதுவுடைமையான நினைவாக நிலைத்த மூன்று நிலைகளும் அதனுள் உள்ளன. கட்டடங்களைக் காலவரிசையில் விளக்கும் வழிகாட்டுமுறையும், உச்சிநிலை ஓவியங்களைப் படிகளாகக் காட்சிப்படுத்துதலும், நாஞ்சில் நாட்டுத் தமிழ் ஆவணங்களைத் திருவிதாங்கூர் மலையாள ஆவணங்களோடு இணைத்து ஆராய்தலும் இவ்வரண்மனையின் வரலாற்றை முழுமையாக வெளிக்கொணரத் துணைபுரியும்.